குலுக்குப் பூவம்மா

ராயபுரத்தில் பூவம்மா என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. குலுக்குப் பூவம்மா என்று கேட்டால் உடனே ஆஸ்பத்திரி வாசலைக் காட்டுவார்கள். காட்டும்போதே ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். இடுப்பைக் குலுக்கி நடக்கிறவள், அதனால்தான் அந்தப் பேர் என்று நினைத்துக்கொண்டவர்கள் பலர். நினைத்ததோடு விடாமல் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. அவர்கள் வாயில் மண் விழ. பொழுது விடிந்தால் தலையில் கூடையோடு ஓடுகிற பொம்பளைக்கு இடுப்பைக் குலுக்க நேரம் ஏது? அந்தப் பேர் வந்த கதை வேறு.

அவள் விற்றது காலிப் புட்டி. இன்றைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். சுதந்திரம் வந்த புதிதில் தர்ம ஆஸ்பத்திரியில் மருந்துதான் இனாம், புட்டி இனாம் இல்லை. நோயாளிதான் கையோடு புட்டி கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதை ஜன்னல் வழியாக வாங்கி, பெரிய ஜாடியிலிருந்து மிக்சரை ஊற்றுவார். ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் புட்டியின் விலாவில் ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். புட்டி இல்லாமல் போனவர்கள் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். வாசலில் பூவம்மா உட்கார்ந்திருப்பாள்.

உட்கார்ந்திருப்பாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அவள் உடம்பு ஒரு இடத்தில் நிற்காது. அடுக்கிய புட்டியையே கலைத்து அடுக்குவாள். எழுந்துபோய் வரிசையில் யார் யார் வெறுங்கையோடு நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். திரும்பி வந்து கூடையை வெயிலுக்கு நகர்த்துவாள், அப்புறம் நிழலுக்கு நகர்த்துவாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கை புட்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும். பிள்ளை குட்டி இல்லாத வீடு என்பதால் மனசு இப்படி அலைகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியின் பெயர் கிருஷ்ணப்பன். அவளுக்குத் தாலி கட்டியவன்.

அவனைச் சொல்வதற்கு முன்னால் புட்டியைச் சொல்ல வேண்டும். கப்பல்களில் கழித்துப்போட்ட சாமான்களை வாங்கி விற்ற அப்துல் வஹாப் பாய், கல்மண்டபம் பக்கம் ஒரு கொட்டகை வைத்திருந்தார். அங்கே குவிந்து கிடந்த சீசாக்களுக்குள் பூவம்மா தலையை விட்டால் சீக்கிரத்தில் வெளியே எடுக்கமாட்டாள். உடம்பெல்லாம் வரிவரியாக மேடு வைத்த நீலப் புட்டிகளைத் தனியே தள்ளுவாள். அவை விஷ மருந்துப் புட்டிகள். இருட்டில் கை பட்டாலும் தெரியட்டும் என்று சீமைக்காரன் அப்படி வார்த்திருக்கிறான் என்று பாய் சொல்லியிருந்தார். அவற்றை மண்ணெண்ணெய் ஊற்றத்தான் கொடுப்பாள், வாயில் வைக்கிற எதற்கும் கொடுக்கமாட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற பழுப்பு நிறக் குட்டிப் புட்டிகளுக்குத்தான் கிராக்கி அதிகம். கைக்குழந்தை மருந்துக்கு அளவு சரியாக இருக்கும், தக்கையும் இறுக்கமாக நிற்கும்.

அந்தக் குட்டிப் புட்டியில் வந்ததுதான் கப்பல் மருந்து. லேபிளில் குளோரோடைன் என்று போட்டிருக்கும். கப்பல் மருந்து என்பது துறைமுகத்துக் கூலிகள் வைத்த பேர். அபினிலிருந்து எடுத்த மார்பியாவும், குளோரோபாரமும், பாகும், பெப்பர்மின்ட்டும் சேர்ந்து கறுப்பாக, கொழகொழவென்று இருக்கும். வயிற்றுப்போக்குக்குச் சில சொட்டு தண்ணீரில் விட்டுக் குடித்தால் பிடித்து நிறுத்தும். இருமலும் அடங்கும். ஆனால் அதன் சாரமெல்லாம் அடியில் இறங்கி உட்கார்ந்துவிடும். குலுக்காமல் ஊற்றினால் மேலே இருப்பது சப்பென்று இருக்கும்; கடைசிக் கரண்டி ஆளையே சாய்த்துவிடும்.

கிருஷ்ணப்பன் துறைமுகத்தில் கரி தூக்கினான். முதலில் வயிற்றுப்போக்குக்கு என்று குடித்தான். அப்புறம் கரித்தூசி இருமலுக்கு என்றான். மதுவிலக்கு வந்து கள்ளுக்கடைகளை மூடியபின் ஒரு காரணமும் சொல்லாமல் குடித்தான். நல்ல மனுஷன்தான், கை நீட்டி அடித்தவன் இல்லை. கப்பல் சமையல்காரர்களிடம் வாங்கி வருவான், கூரையில் செருகுவான், அரிசிப் பானையில் புதைப்பான். பூவம்மா தேடி எடுத்துச் சாக்கடையில் கவிழ்ப்பாள். பனைமரத்தொட்டியில் அவர்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறையில் இந்தக் கண்ணாமூச்சிதான் குடும்பம் என்று ஆகியிருந்தது. அவன் மேல் அவளுக்குக் கோபத்தைவிட ஆசைதான் அதிகம், அதுதான் அவளைத் தின்றது.

அது நடந்தது ஓர் ஐப்பசி அடைமழை நாளில். பூவம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. குழந்தை மருந்துக்கு என்று கழுவி உலர்த்திய குட்டிப் புட்டிகளைத் தூசி படாமல் தக்கை அடைத்து ஒரு கூடையில் வைத்திருந்தாள். முந்தின சாயங்காலம் கிருஷ்ணப்பனுக்கு ஒரு யோசனை தோன்றியிருக்கிறது. புட்டிக்காரி வீட்டில் புட்டியை ஒளிக்கப் புட்டிக் கூடையைவிட நல்ல இடம் எது? அடியில் மிச்சமிருந்த தன் கப்பல் மருந்தை, லேபிளைச் சுரண்டிவிட்டு, அந்தக் கூடையில் மற்றவற்றோடு சொருகிவிட்டான். அவள் கிளம்புவதற்குள் எடுத்துவிடலாம் என்பது கணக்கு. காலையில் மழை கொஞ்சம் விட்டது, அவள் வழக்கத்துக்கு முன்னாலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு முதல் வியாபாரமே ஒரு குட்டிப் புட்டிதான். இளம்பெண் ஒருத்தி, மீன்காரப் பெண் என்று சேலையைப் பார்த்தாலே தெரிந்தது, தோளில் கைக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, நல்லா கழுவின புட்டியா? பச்சப்புள்ளைக்கு ஊத்தணும்."

"காலிப் புட்டிதாம்மா. கழுவி வச்சது. பயப்படாம எட்த்துகினு போ" என்றாள் பூவம்மா. வழக்கப்படி தக்கையைத் திறந்து மோந்துதான் கொடுத்தாள். அடைத்த மூக்கால் மோந்து பார்த்தாலும் ஒன்று, பார்க்காவிட்டாலும் ஒன்று. அந்தப் பெண் ஜன்னலுக்குப் போனாள், மருந்து வாங்கினாள், மழைக்கு முந்தானையைக் குழந்தை மேல் போர்த்திக்கொண்டு போய்விட்டாள்.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கிருஷ்ணப்பன் வந்தான். வேர்த்து விறுவிறுத்து, மூக்கு ஒழுகி, கை நடுங்கிக்கொண்டு வந்தான். அவளைப் பார்க்காமல் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினான். ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்துக் கீழே போட்டான்.

"யோவ், இன்னா தேட்ற?"

"ஒண்ணியும் இல்ல. ஒரு சின்ன புட்டி. இதுலதான் சொருவி வச்சேன்."

பூவம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "உம் மருந்தா? கழுவின கூடையிலயா வச்ச?"

"அடில கொஞ்சூண்டு தான் கீது. யாருக்குனா வித்துட்டியா? வித்துட்டியா பூவு?"

"கைக்கொயந்த மருந்துக்குய்யா. கைக்கொயந்தைக்கு" என்று அவள் கத்தினாள். அவன் அதற்குள் கூடையையே கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் போட்ட கூச்சலைக் காதில் வாங்கவில்லை. கம்பவுண்டர் ஸ்டானிஸ்லாஸ் கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த புனலை வைத்துவிட்டார்.

"பழுப்புப் புட்டி, உள்ளே இருக்கிறது எனக்கும் தெரியவில்லை பூவம்மா. வயிற்று உப்புசத்துக்கு வாயு மருந்து கேட்டாள், ஊற்றினேன். அதிலும் பெப்பர்மின்ட் வாசனைதான், வித்தியாசம் தெரியாது." அவர் முகம் வெளுத்திருந்தது. "நன்றாகக் குலுக்கிக் கொடு என்று வேறு சொல்லி அனுப்பினேன். எல்லாருக்கும் சொல்வதுதானே."

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. குலுக்கினால் என்ன ஆகும் என்பதை வீட்டில் தினம் பார்க்கிறவள் அவள். குலுக்கினால் அடியில் இருப்பது மேலே வரும். பெரிய ஆளுக்குச் சொட்டுக் கணக்கில் கொடுப்பது ஒரு பச்சைக் குழந்தையின் வயிற்றுக்குள் கரண்டிக் கணக்கில் போகும்.

"அது எந்தூருன்னு சொல்லிச்சா சாரு?"

"திருவொற்றியூர் குப்பம் என்றாள். கன்னியம்மா என்று பேர். புருஷன் கட்டுமரக்காரன். நீ முன்னால் போ, நான் டாக்டரிடம் சொல்லிவிட்டு வண்டி பிடித்து வருகிறேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் விடாதே, எழுப்பு, அழ வை. உதடு கறுத்திருந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வா."

கூடை வாசலிலேயே கிடந்தது. பூவம்மா பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஏறினால் அது நகர வேண்டுமே. ஒவ்வொரு இடத்திலும் நின்று ஆள் ஏற்றியது. டோல்கேட்டில் மூட்டை வண்டிகளும் லாரிகளும் பின்னிக்கொண்டு கிடந்தன, எஞ்சின் வேறு சூடேறிப் புகைந்தது. கண்டக்டர் தண்ணீர் வாளியைத் தேடி நிதானமாக இறங்கினான். அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? பூவம்மா நாலு பேரை இடித்துக்கொண்டு குதித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டில் ஓட ஆரம்பித்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

ஓடும்போது அவள் மனசு ஓயாமல் ஒன்றைத்தான் கேட்டது. அந்தப் பெண் குலுக்கியிருப்பாளா? கம்பவுண்டர் சொல்லைத் தட்டாத பெண்ணாக இருந்தால் குலுக்கியிருப்பாள். ஐயோ, அவள் சொன்ன பேச்சைக் கேட்காத கழுதையாக இருக்கட்டும், திமிர் பிடித்தவளாக இருக்கட்டும், காது மந்தமாக இருக்கட்டும் என்று பூவம்மா தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டாள். ராயபுரத்து மாதா கோயிலையும் விடவில்லை.

குப்பத்தில் கன்னியம்மா என்றால் தெருவுக்கு ஒருத்தி இருந்தாள். ஒரு கிழவர் கருவாடு விற்கிற கன்னியம்மா வீட்டைக் காட்டினார். அவளுக்குப் பேரப்பிள்ளையே இருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருத்தி, கைக்குழந்தை வைத்திருக்கிறவளா என்று சாவகாசமாகக் கேட்டுவிட்டு, "பொன்னுரங்கம் பொண்டாட்டியா? அதோ, அந்தக் கடைசி குடிச. காலீல பூரா கத்திகினு கெடந்துச்சு அந்தப் புள்ள. இப்பத்தான் கம்முனு கீது" என்றாள்.

கம்முனு கீது என்ற சொல்லைக் கேட்டதும் பூவம்மா கடைசிக் குடிசையைப் பார்த்து ஓடினாள்.

குடிசைக்குள் தூளி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கன்னியம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். பூவம்மா அவளைத் தாண்டி உள்ளே நுழைந்தாள். நேராகத் தூளிக்குப் போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். அதன் தலை அவள் தோளில் தொய்ந்து விழுந்தது. கன்னத்தைத் தட்டினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். மழையில் நனைந்த முந்தானையை அதன் முகத்தில் பிழிந்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது, வாயைக் கோணியது, அப்புறம் குடிசையே இடிந்துவிழுகிற மாதிரி வீறிட்டது. உதடு சிவப்பாகத்தான் இருந்தது.

கன்னியம்மா ஊதுகுழலோடு பாய்ந்து வந்தாள். "யாரு நீ? பைத்தியமா? இப்பத்தான அயுது அயுது தூங்கிச்சு."

"மருந்து குடுத்தியா? காலீல வாங்கினியே, குலுக்கிக் குடுத்தியா?"

"அட, புட்டிக்காரி." கன்னியம்மா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். "குடுத்தேன், ஒரு வாட்டி. இன்னா இப்ப?"

"குலுக்கினியான்னு கேக்கறேன்."

"குலுக்கல. அந்தாளு சொன்னாரு, நான் குலுக்கல. குலுக்கினா நொர வருது. வாயு மருந்துல நொர வந்தா அந்த நொரயே வாயுதான? புள்ள வயிறு இன்னும் உப்பாதா? அதான் ஆடாம அசையாம மேலாக்க தெளிஞ்சத ஊத்திக் குடுத்தேன்."

பூவம்மா அப்படியே மண்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தானாக உட்கார்ந்ததை யாராவது பார்த்தார்கள் என்றால் அது கன்னியம்மா ஒருத்திதான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடுப்பு மேடையில் இருந்த புட்டியை எடுத்துக் கதவு வெளிச்சத்துக்கு நேரே மெதுவாகச் சாய்த்துப் பார்த்தாள். மேலே வாயு மருந்து பட்டையில் ஒரு பல் அளவு மட்டும் குறைந்திருந்தது. அடியில் கறுப்பாக, இடத்தைவிட்டு அசையாமல், கிருஷ்ணப்பனின் மருந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

எதையும் மறைக்காமல் சொன்னாள். புருஷன் ஒளித்ததைச் சொன்னாள், தன் மூக்கு அடைத்திருந்ததையும் சொன்னாள். கன்னியம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாள். பூவம்மா தலை குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஸ்டானிஸ்லாஸ் டாக்டரோடு குதிரை வண்டியில் வந்து சேர்ந்தார். டாக்டர் குழந்தையின் கண்ணைப் பிரித்துப் பார்த்து, மூச்சை எண்ணி, பயமில்லை, சாயங்காலம் வரைக்கும் தூங்க மட்டும் விடாதே என்றார். கொஞ்ச நேரத்தில் அது பசித்து அழுது மார்பைத் தேடியது. கன்னியம்மா பால் கொடுத்துக்கொண்டே, "உக்காந்து ஒரு வாய் கஞ்சி குட்ச்சிட்டுப் போ, மூஞ்சி செத்துக் கெடக்குது" என்றாள். பூவம்மா நிற்கவில்லை. வேறு யார் கையிலும் சிக்கக்கூடாது என்று புட்டியை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டு வாசலில் கிருஷ்ணப்பன் போர்வையைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தான். பற்கள் தந்தியடித்தன. அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

"புட்டி கெட்ச்சிதா?"

வழியெல்லாம் பூவம்மா ஒரு கேள்வியைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தாள். அது இந்தக் கேள்வி இல்லை. இருந்தாலும் புட்டியைக் கண்ணால் பார்த்தால் அடுத்த பேச்சில் கேட்பான் என்று நினைத்தாள். மடியிலிருந்து புட்டியை எடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான். விலாவில் கம்பவுண்டர் ஒட்டிய பல் பட்டையை விரல் தடவியது, அது என்னவென்றுகூட அவன் பார்க்கவில்லை. தக்கையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு குலுக்கினான். ஒரு சொட்டுச் சாரமும் அடியில் நின்றுவிடாதபடி, பழகின கையால், நன்றாகக் குலுக்கினான்.

"கொயந்த பொயச்சுதான்னு ஒரு வார்த்த கேக்கலியேய்யா நீ" என்றாள்.

அவன் குலுக்குவதை நிறுத்தாமல் அவளைப் பார்த்தான். "எந்தக் கொயந்த?"

அவன் பொய் சொல்லவில்லை, நடிக்கவும் இல்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. காலையில் அவள் கத்தியது அவன் காதுக்குள் போகவே இல்லை. பூவம்மாவுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் தன்னோடு குடித்தனம் செய்தது யார் என்று ஒரு பயம். அவன் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் புட்டியைப் பிடுங்கி வாசல் கல்லில் அடித்தாள். புட்டி உடைப்பது அவளுக்குச் சோற்றை மிதிக்கிற மாதிரி. அன்றுவரை தெரிந்து ஒன்றைக்கூட உடைத்தவள் இல்லை.

கிருஷ்ணப்பன் கல்லோரம் குத்தவைத்து, கண்ணாடித் தூளுக்கு நடுவே ஈரத்தை விரலால் தொட்டு நக்கப் பார்த்தான். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. பூவம்மா அவன் கையைப் பற்றி இழுத்து, முந்தானையால் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். மறுநாள் அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், ஊர் பார்க்க, ஸ்டானிஸ்லாஸ் ஜன்னல் வரிசையில் நிறுத்தினாள். அதுவரை இருமல் என்று சொல்லி மூடி மறைத்ததை அன்று வாய்விட்டுச் சொன்னாள். அதற்கப்புறம் அவன் சில மாதம் விட்டான், சில மாதம் பிடித்தான். கடைசியில் அவனைக் கொண்டுபோனது நெஞ்சில் சேர்ந்த கரிதான். கடைசிவரைக்கும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

புட்டி வியாபாரத்தை அவள் விடவில்லை. ஒன்று மட்டும் மாறியது. எந்தப் புட்டியையும் கவிழ்த்து, காதோரம் வைத்து, பலமாகக் குலுக்காமல் கொடுப்பதில்லை. கைவளையெல்லாம் சலசலக்கும், சேலை நழுவும், வரிசையில் நிற்கிற வெட்டிப் பயல்கள் அதைப் பார்த்து இளித்துக்கொண்டு அவளுக்கு அந்தப் பேரை வைத்தார்கள். அவள் ஒருநாளும் திருத்தியதில்லை. ஒரு தடவை புதிதாக வந்த ஒருத்தி மட்டும் நேராகக் கேட்டுவிட்டாள், காலிப் புட்டியைப் போய் எதுக்குக்கா இந்தக் குலுக்கு குலுக்குற என்று.

பூவம்மா இன்னொரு முறை குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அதை அவள் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கும் காலின்னு சொல்லித்தாம்மா குட்த்தேன்."